மகள் கழுத்திலிருந்த சாவி

லிஃப்ட் பழுது பார்ப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வேலை தொடங்கும் முன் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அந்த ஸ்விட்ச் மீது ஒவ்வொருவரும் தன்னுடைய சிவப்புப் பூட்டைப் போடுவார்கள். லிஃப்ட் ஓடும் குழிக்குள் மூன்று பேர் இறங்கினால் மூன்று பூட்டு. சாவி அவரவர் சட்டைப்பையில். மூன்றாவது ஆள் ஏறி வந்து தன் பூட்டைக் கழற்றும்வரை, மற்ற இருவரும் தலைகீழாக நின்றாலும் லிஃப்ட் நகராது.

எங்கள் கட்டடத்து லிஃப்டைப் பார்த்துக்கொள்பவர் இந்த வழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார். அதில் ஒரு தவறு செய்தார்.

கம்பெனியில் அவருக்கு ‘ஆறாவது மாடி’ என்று பெயர். குடித்துக்கொண்டிருந்த காலத்தில், எங்கே இருக்கிறீர்கள் என்று ஆபீஸிலிருந்து போன் வந்தால், கடையில் உட்கார்ந்தபடியே “ஆறாவது மாடியில சார்” என்பாராம். ஒருநாள் அவரை அனுப்பியிருந்தது நான்கு மாடிக் கட்டடத்துக்கு. அன்றே பெயர் ஒட்டிக்கொண்டது.

டாக்டரிடம் போய், மருந்து சாப்பிட்டு, குடியை நிறுத்தினார். ஆனால் வீடு திரும்பியபின் வரும் இரண்டு மணி நேரம் அவருக்குப் பெரும்பாடு. மனைவிக்குத் துணி ஃபேக்டரியில் மாலை ஷிப்ட். வீட்டில் அவரும் ஒன்பது வயது மகளும்தான். மதுக்கடை தூரம்; மோட்டார் சைக்கிளில் போனால்தான் உண்டு. ஆகவே தினமும் மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்ததும் சக்கரத்தில் சங்கிலி கோத்து, வேலைக்கு வைத்திருப்பதுபோல் இன்னொரு சிவப்புப் பூட்டைப் போட்டு, சாவியை மகளிடம் கொடுத்துவிடுவார். அவள் அதை நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வாள். பிறகு அவர் குனிய வேண்டும். அவள் அவர் வாயை முகர்ந்து பார்த்து, “சரி, உள்ள வாங்க” என்பாள்.

நான்கு மாதம் இப்படிப் போனது. “அது கழுத்துல சாவி இருக்கிற வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகாது” என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். கேட்க எனக்கும் அழகாகத்தான் இருந்தது. அழகாகத் தெரியும் ஏற்பாட்டை இன்னொரு முறை உற்றுப் பார்க்க வேண்டும் என்று நான் படித்ததுண்டு. பார்க்கவில்லை.

பள்ளியில் இரண்டு நாள் மலைப் பயணம் அறிவித்தார்கள். கடிதத்தை மகள் வீட்டில் காட்டவே இல்லை. பையைத் துவைக்க எடுத்த அம்மா கையில் அது சிக்கியது.

“ஏன்டி காட்டல?”

“நான் போகல.”

“ஏன், மலை ஏறினா கால் தேஞ்சிடுமா?”

“நான் போயிட்டா சாவிய யாரு வெச்சுக்குவா? நீ பத்து மணிக்குத்தான வர்ற.”

மனைவி அவர் பக்கம் திரும்பினார். “எல்லாரும் வீட்டுக்கு வாட்ச்மேன் வெப்பாங்க. நீங்க உங்களுக்கு வெச்சிருக்கீங்க. ஒம்பது வயசுல. லீவும் கிடையாது.”

பயணத்துக்குப் பதினைந்து நாள் இருந்தது. மறுநாள் காலையிலேயே அவர் மருத்துவமனையில் நின்றார். குடியை விட்டவர்களுக்கான கூட்டம் அங்கே மாலை நான்கிலிருந்து ஐந்துவரை. மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வரும் நேரமும் அதுவே.

“பிள்ளைய அம்மாகிட்ட விட்டுட்டு வாங்க” என்றார் வரவேற்பு மேசையில் இருந்த பெண்.

“அவங்க ரெண்டு மணிக்கே வேலைக்குப் போயிடுவாங்க.”

“வேற யாரும் இல்லையா?”

“வேற யாராவது இருந்தா நான் ஏங்க இங்க வர்றேன்?”

அந்தப் பெண் சிரித்துவிட்டு, ஒரு சீட்டில் முகவரி எழுதிக் கொடுத்தார். குடியை விட்ட அப்பாக்கள் மட்டும் கூடும் இடம். ஞாயிறு காலை, ஒரு நூலகத்தின் பின்னறை. பிள்ளைகளைக் கூட்டி வரலாம். முறை வைத்து ஓர் அப்பா பக்கத்து அறையில் அவர்களைப் பார்த்துக்கொள்வார்.

அன்று அவரைத் தவிர ஒன்பது பேர் வந்திருந்தார்கள். ஒருவர் தோளில் கைக்குழந்தை தூங்கியது. தன் முறை வந்ததும் இவர் பட்டப்பெயரிலிருந்து பூட்டுக் கதைவரை சொல்லி, இரண்டே நாளைக்குச் சாவியை வைத்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டார்.

எட்டு வருடமாகக் குடிக்காத பஸ் டிரைவர் ஒருவர் எதிரே இருந்தார். “உங்க வேலையில பூட்டு யாரு போடுவாங்க?”

“குழிக்குள்ள இறங்குறவங்க.”

“மேல நிக்கிறவங்க போடலாமா?”

“கூடாதுண்ணே. அது ரூல்.”

“அப்ப உங்க பொண்ணு எதுக்குப் போட்டுக்கிட்டு நிக்குது?”

அவர் தேநீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“நாங்க ஒம்பது பேரும் குழிக்குள்ள இருக்கிறவங்கதான்” என்றார் டிரைவர். “சாவிய இங்க குடுங்க. ரெண்டு நாளைக்கு இல்ல, மொத்தமா. வேலைக்கு பஸ்ல போய்க்கங்க. ஆறு மணிக்கு எனக்கு போன் பண்ணுங்க. நான் வண்டியில இருந்தா அடுத்தவருக்கு.”

சாவியை மகளிடமிருந்து வாங்குவதுதான் கடினமாக இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அவள் நாடாவை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“நான் சரியா பாத்துக்கலையாப்பா?”

“ரொம்ப நல்லா பாத்துக்கிட்ட. ஆனா அது உன் வேலையே இல்லம்மா. அப்பாதான் தப்பு பண்ணி உங்கிட்ட குடுத்துட்டேன்.”

“அந்த மாமா தூங்கிட்டா?”

“இன்னும் எட்டு பேர் இருக்காங்க.”

எட்டு பேரின் தொழிலையும் கேட்டு, விரல் விட்டு எண்ணிய பிறகே அவள் நாடாவைக் கழற்றினாள். ஆனால் தினமும் அவர் வாயை முகர்ந்து பார்ப்பதை மட்டும் விடவில்லை.

குடியை விட்டவர்கள் சிலரை எனக்குத் தெரியும். அதற்காக மட்டும் ஒருவரைப் பெரிதாகப் பாராட்ட எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் தன்னைத் தாங்கி நின்ற ஒன்றைத் தவறு என்று ஒப்புக்கொண்டு, அதை ஒரு குழந்தையிடம் சொல்லியும் விட்ட மனிதரை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை.

மகள் மலைக்குப் போனாள். முதல் நாள் மாலை அவர் நான்கு முறை போன் செய்தார். நான்காவது முறை டிரைவர், “இப்ப எத்தனாவது மாடி?” என்றார்.

“தரையிலதாண்ணே. படியில உக்காந்திருக்கேன்.”

“அங்கயே இருங்க. வரேன்.” டிரைவர் வந்து, அவருடன் படியில் உட்கார்ந்து, தன் பஸ்ஸில் ஏறும் கிறுக்கர்களைப் பற்றி ஒன்பது மணிவரை பேசிவிட்டுப் போனார்.

மறுநாள் மாலை பள்ளி வாசலில் பஸ் நின்றது. மகள் ஒரு கையில் நனைந்த ஷூவோடு இறங்கி ஓடி வந்தாள். அவர் வழக்கம்போலக் குனிந்து, மூச்சை வெளியே விட்டுக் காத்திருந்தார்.

அவள் நின்று பார்த்தாள். “என்னப்பா குனிஞ்சு நிக்கிறீங்க? ஏதாவது விழுந்துடுச்சா?”

“ஒண்ணுமில்ல” என்று அவள் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். வீடு வரும்வரை அவள் அட்டைப்பூச்சி கடித்த கதையையே சொல்லிக்கொண்டு வந்தாள்.