உதட்டில் கொண்டை ஊசி

மரக்காணத்தில் மணப்பெண் அலங்காரம் செய்யும் அந்த அக்காவின் பெயர் எனக்குத் தெரியாது. மெலிந்த உருவம். வேலை செய்யும்போது கொண்டை ஊசிகளை உதட்டில் கவ்விக்கொண்டிருப்பார்.

மழை மாதம், உப்பளத்தில் வேலை இல்லை. அம்மா கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போயிருந்தார். நான் அழைத்துவரப் போனபோது, மணப்பெண்ணின் சங்கிலியைக் காணோமென்று அம்மாவின் பையைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என் புள்ள முன்னாடி இப்படிப் பண்ணாதீங்கம்மா" என்று அம்மா அழுதார். கல்லூரியில் படிக்கும் நான், தரையில் சிதறியவற்றைக் குனிந்து பொறுக்கினேன்.

மணப்பெண்ணை அலங்கரிக்க வந்திருந்த அந்த அக்கா, உறவுக்காரப் பெண்களிடம், "பூவெல்லாம் வாடிப்போச்சு. போட்டோவுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரா ரூமுக்கு வாங்க, மாத்தி வச்சுவிடறேன்" என்றார்.

அரைமணியில் சங்கிலியோடு வெளியே வந்தார். "என் பொட்டியில சவுரிமுடியோட மாட்டிக்கிட்டு இருந்துச்சுங்க. என் தப்புதான்."

எல்லோரும் அவரைத் திட்டினார்கள். கிளம்பும்போது கேட்டேன்.

"நெஜமாவே உங்க பொட்டியிலதான் இருந்துச்சாக்கா?"

"காலையில நான் போட்ட கொண்டை ஒன்னு, மத்தியானத்துக்குள்ள பெருசாயிடுச்சு தம்பி."

"யாரோடதுக்கா?"

ஊசிகளை எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டார்.

அந்தக் குடும்பத்தார் அதன்பின் அவரைக் கூப்பிடுவதில்லையாம். அம்மாவின் பழியைத் துடைத்தவர், சங்கிலியைக் கொண்டைக்குள் ஒளித்துவைத்த பெண்ணின் பழியைத் தான் ஏன் ஏற்றுக்கொண்டார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.