விருந்தில் எதை விட்டீர்கள்?

தொண்ணூறுகளில், எந்தச் சாப்பாடு யாரைப் படுக்கவைத்தது என்று விசாரித்து டெல்லிவரை தெரிவிக்கும் சுகாதாரத் துறை வேலை எனக்கு. மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு கல்யாண விருந்துக்கு மறுநாள் பாதி ஊருக்கு வாந்திபேதி. வீடுவீடாக அலைந்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தவர்கூட, "சாப்பாடு அருமைங்க" என்றார். விருந்து போட்டவரைக் குறை சொல்லமாட்டார்களாம்! எரிச்சலில், நன்றாக இருந்தவர்களிடம் போய் எதைச் சாப்பிடவில்லை என்று கேட்டேன்.

"பாயசம் மட்டும் வேண்டாம்னுட்டேனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று ஒருவர் நெளிந்தார். அடுத்தடுத்த வீடுகளிலும் அதே பதில்.

கல்யாண வீட்டுக்கு ஓடினேன். "மிச்சப் பாயசம் எங்கேங்க?"

பெண்ணின் அப்பா பெருமையாகச் சொன்னார்: "வீணாக்கலைங்க. காலைல பொண்ணோடவே சம்பந்தி ஊட்டுக்கு அனுப்பிச்சுப்போட்டோமுங்க."