ஆடிக்கு முன் ஒரு ஹெவிவெயிட் சண்டை

எங்கள் வீட்டிலிருந்து வெளியே போக வேண்டுமானால் அப்பாவின் மேசையைத் தாண்ட வேண்டும். வேறு வழி கிடையாது. கீழே மிளகும் சாதிக்காயும் கராம்பும் வாங்கி விற்கிற கடை, மேலே நாங்கள். படி இறங்கினால் மூட்டைகளுக்கு நடுவே ஓர் ஆள் ஒடுங்கிப் போகிற இடைவெளி. அதன் முடிவில் அப்பா. மாடி ஜன்னலில் கம்பி. கம்பிக்கு அப்பால் மாத்தளையின் பிரதான வீதி. யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸும் கண்டிக்குப் போகிற பஸ்ஸும் ஹோர்ன் அடித்துக்கொண்டு போகும். பல்கலைக்கழகம் முடித்துத் திரும்பியதிலிருந்து நான் செய்த முக்கியமான வேலை, எந்த பஸ் எத்தனை சத்தம் போடுகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தது.

கொழும்பில் ஒரு விளையாட்டுச் செய்தித்தளம் என்னை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. பல்கலைக்கழகத்தில் குத்துச்சண்டை பழகியவள், குத்துச்சண்டையைப் பற்றித் தமிழில் எழுதித் தள்ளுகிறவள். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது. அப்பாவுக்குப் போதவில்லை. ஆனால் அவர் கூடாது என்று ஒரு முறைகூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எதிர்த்து நின்றிருப்பேன்.

"அப்பா, அந்தக் கொழும்பு விசயம்..."

"பாப்போம்மா."

"எப்பப்பா பாக்குறது? அவங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"மொதல்ல சாப்பிட்டுட்டு வா. மொகமெல்லாம் வாடிக் கெடக்கு." கிட்டப் போனால் என் தலையைப் பிடித்துத் தோளில் சாய்த்துக்கொள்வார். அவர் சட்டையில் மிளகு வாசம் அடிக்கும். அதற்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டு யாரால் வாதாட முடியும்? அம்மா மேலேயிருந்து குரல் கொடுப்பார்: "சரி சரி, போதும். விடுங்க ரெண்டு பேரும்."

இப்படியே மாதங்கள் போயின. கடைசியில் வேலையில் சேர வேண்டிய நாள் ஒரு வெள்ளிக்கிழமை என்று முடிவாயிற்று. அதற்கு முதல் நாள் ஆடி பிறக்கிறது. அப்பாவுக்கு அதைவிட நல்ல செய்தி கிடைத்திருக்க முடியாது.

"ஆடியில எப்படிம்மா புள்ளய வெளிய அனுப்புறது? ஆவணி பொறக்கட்டும்."

ஆவணிவரை கொழும்பு காத்திருக்காது என்பது அவருக்கும் தெரியும்.

ஆடிக்கு முந்திய அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் ஹெவிவெயிட் சாம்பியனின் சண்டை நடந்தது. அமெரிக்காவில் சனி இரவு. என் மடிக்கணினியை மிளகு மூட்டை மேல் வைத்தேன். அப்பா மேசையை விட்டு எழாமலே கதிரையைத் திருப்பிக்கொண்டார். எதிர்ப்பக்கம் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர், எங்களுக்கு நானா, பிளேன்டீயோடு வந்து உட்கார்ந்தார். அப்பாவும் அவரும் ஒருவரையொருவர் 'மொதலாளி' என்று கூப்பிட்டுக்கொள்கிற பழைய கூட்டாளிகள்.

சாம்பியனைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பனைமரம் மாதிரி உயரம். இடது கையை நீட்டி எதிராளியின் முகத்தில் தட்டிக்கொண்டே இருப்பார். எதிராளி அதைத் தாண்டி உள்ளே வந்தால் இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, தன் எடை முழுவதையும் அவன் கழுத்தில் போடுவார். நடுவர் வந்து பிரித்துவிடுவார். மறுபடி இடது கை. வருடக்கணக்காக அவரை யாராலும் வீழ்த்த முடியவில்லை. வருடக்கணக்காக உலகம் அவரைப் பார்த்துக் கொட்டாவி விடுகிறது. நான் மட்டும் விட்டதில்லை. பல்கலைக்கழக விடுதியில் இவருக்காக நான் போட்ட சண்டைகளுக்கு அளவில்லை.

மூன்றாவது ரவுண்டிலேயே நானா பொறுமை இழந்தார்.

"என்ன மகள் இது? குத்துச்சண்டைன்னு செல்லிக் கூப்பிட்டீங்க. பெருநாளுக்கு சலாம் செல்ற மாதிரியில்ல கட்டிப்புடிக்கிறாங்க!"

"நானா, அவர் காலப் பாருங்க. கையப் பாக்காதீங்க. அந்த ஆள் எந்தப் பக்கம் நகந்தாலும் இவர் கால் முந்தியே அங்க இருக்கு. அடிக்கவே இடமில்லாமப் பண்றதுதான் வித்தை."

"வித்தையா? நித்திரையில்ல வருது. மொதலாளி, நீங்க என்ன செல்றீங்க?"

அப்பா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பயந்த ஆளு" என்றார்.

"பயமில்லப்பா. அவர் ஆரம்பத்துல ரொம்ப ஆவேசமா சண்டை போட்டவரு. ஒருநாள் சின்ன ஆள் ஒருத்தன்கிட்ட மோசமா விழுந்துட்டாரு. அதுக்கப்புறம்தான் இப்படி ஆடப் பழகினாரு."

அப்பாவின் பார்வை திரையிலிருந்து மேசைக்கு இறங்கியது. நானாவும் தேநீரைப் பார்த்தார். பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்பா சிறு பையனாக இருந்தபோது இனக்கலவரத்தில் தாத்தாவின் கடை இதே வீதியில்தான் எரிந்தது. கண்ட கண்ட இடத்திலெல்லாம் ஓடி ஒளிந்தார்கள் என்பதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. தெரிந்துதான் என்ன? ஒருவர் ஏன் நம்மை இறுக்கிப் பிடித்திருக்கிறார் என்று தெரிவதால் பிடி தளர்ந்துவிடுவதில்லை. திருப்பித் தள்ளவும் மனம் வராமல் போகிறது, அவ்வளவுதான்.

அந்த ரவுண்டுக்குப் பிறகு நான் சாம்பியனைப் பார்க்கவில்லை. முதல் முறையாக மற்றவனைப் பார்த்தேன். குட்டையான, அகன்ற தோள்காரன். உள்ளே வருவான். கழுத்தில் அந்தப் பெரிய உடம்பு வந்து விழும். அவன் வாய் திறந்து மூடும். பிரித்துவிட்டதும் பழையபடி வெளியே, தொடங்கிய இடத்திலேயே. இவ்வளவு காலமாக இந்தச் சண்டைகளில் ஒன்றுமே நடப்பதில்லை என்று சொன்னவர்களோடு கத்தியிருக்கிறேன். வித்தை, கணக்கு, காலின் நடை என்றெல்லாம் கதைத்திருக்கிறேன். இரண்டு தரப்பும் மேலேயிருந்துதான் பார்த்திருக்கிறோம். அந்தக் கைகளுக்குள் இருப்பவனுக்கு இது சலிப்பா, வித்தையா? அவனுக்கு மூச்சு முட்டுகிறது. அப்படிப் பார்த்தால் அதைப் போலக் கண்ணை எடுக்க முடியாத காட்சி வேறில்லை. ஆனால் அதை ரசிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பத்தாவது ரவுண்டில் அப்பா கதிரை நுனிக்கு வந்துவிட்டார். குட்டையனைப் பார்த்து, "தள்ளாதடா! தள்ளுனா இன்னும் புடிப்பான். பக்கத்தால வாடா, பக்கத்தால!" என்று கத்தினார்.

நான் அவரையே பார்த்தேன். பயிற்சிக் கூடத்தில் எங்களுக்குச் சொன்னதும் அதுதான். பிடித்தவனோடு மல்லுக்கட்டாதே, கையை உருவிக்கொண்டு பக்கவாட்டில் காலை வை.

சாம்பியன்தான் ஜெயித்தார், புள்ளிக் கணக்கில். அரங்கமே ஊளையிட்டது. நானா எழுந்து சாரத்தை உதறிக் கட்டினார். நான் மாடிக்கு ஓடி, என் பயணப் பையில் நாலு உடுப்பையும் சப்பாத்தையும் திணித்துக்கொண்டு இறங்கினேன்.

"நானா, இத ஒங்க கடையில வைக்கணும்."

எங்கள் வீட்டில் அதற்குப் பரஸ்தானம் என்று பெயர். கெட்ட நாளில் கிளம்ப வேண்டியிருந்தால், நல்ல நாளிலேயே பையை அடுத்தவர் வீட்டில் வைத்துவிடுவது. பை போன நேரம்தான் ஆள் போன நேரம். அது திரும்பி வீட்டுக்குள் வந்தால் பயணம் இல்லை. போன வருடம் பழனிக்குப் போனபோது அப்பா தன் பையை நானாவின் கடையில்தான் வைத்தார்.

"என்ட கடைய நீங்க வாப்பாவும் மகளும் ஸ்டேசனாவே ஆக்கிட்டீங்க" என்று சொல்லிக்கொண்டே நானா கையை நீட்டினார். பிறகு நீட்டிய கையோடு அப்பாவைப் பார்த்தார்.

"இன்னும் ஆடி பொறக்கலப்பா" என்றேன்.

அப்பா மேசை லாச்சியைத் திறந்தார். எதையோ தேடுவதுபோல உள்ளே பார்த்தார். மூடினார். "பாப்போம்" என்றார். நானா பையை வாங்கிக்கொண்டு வீதியைக் கடந்தார்.

அடுத்த நாட்கள் ஒரு வினோதமான சிறை. சாத்திரப்படி நான் போய்விட்டேன். ஆனால் அதே படி, அதே மூட்டைகள், அதே ஜன்னல் கம்பி. கம்பி வழியே பார்த்தால் எதிர்க்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் என் பை. புதன்கிழமை பின்னேரம் மழை பிடித்துக்கொண்டபோது அப்பா வீதியைக் கடப்பதைக் கண்டேன். நானாவின் கடைக்குள் போனார். குனிந்து பையைத் தூக்கினார். கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நானா ஏதோ சொன்னார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இங்கிருந்து கத்தினாலும் மழையில் கேட்காது.

வெறுங்கையோடு திரும்பி வந்தார். தலை நனைந்திருந்தது.

"கீழ வச்சிருந்தாரு. ஈரம் ஏறும். மேல் தட்டுல தூக்கி வைக்கச் சொன்னேன்" என்றார் அம்மாவிடம். என்னைப் பார்க்கவில்லை.

ஆடி முதல் நாள் காலை அவர் மேசை அருகே வந்து நின்றேன். "போயிட்டு வரேன்பா." அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். அம்மா படியில் நின்றார், இந்த முறை விடச் சொல்லிக் குரல் கொடுக்கவில்லை. நான் கையை இழுக்கவுமில்லை, தள்ளவுமில்லை. நான் பிடிக்க வேண்டிய கண்டி பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தபடி போயிற்று. இன்னொன்றும் போயிற்று.

பிறகு அவராகவே விட்டார்.