நாலு கோடி வருஷத்து எறும்பு

2025 ஜனவரி 17, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 3 மணி 40 நிமிடம். வாடைக் காற்று. வானம் மூட்டம். மண்டபம் படகுத்துறையில் தண்ணீர் கலங்கிக் கிடந்தது.

துபாயிலிருந்து மருமகன் கொடுத்தனுப்பிய தஸ்பீஹ் என்னும் ஜபமாலை என் கைக்கு வந்து நாலு நாள் ஆகியிருந்தது. முப்பத்து மூன்று மணிகள். எல்லாம் அம்பர், கல்லாக இறுகிப்போன பழங்கால மரப்பிசின். பத்தொன்பதாவது மணிக்குள் ஓர் எறும்பு. பூதக்கண்ணாடி வைத்து எண்ணினேன்: ஆறு கால், இரண்டு உணர்கொம்பு, வாயருகே ஒரு காற்றுக்குமிழி. மனிதனே பிறக்காத காலத்து எறும்பு, இப்போதுதான் விழுந்ததுபோல் ஒரு காலைத் தூக்கியபடி இருந்தது. இறைவன் பேரைச் சொல்லி திக்ரு ஓதும்போது விரல் அந்த மணிக்கு வந்தால் எண்ணிக்கை நின்றுபோகும்.

மச்சினன் பார்த்துவிட்டுச் சிரித்தான். “இது போன வருஷத்து எறும்பு மச்சான். புடிச்சுப் போட்டு பிளாஸ்டிக்க ஊத்திருக்கான். மாப்பிள்ளைய நல்லா ஏமாத்திப்புட்டாய்ங்க.”

மருமகனோ சனிக்கிழமை அதே கடையில் தன் வாப்பாவுக்கும் ஒரு மாலை வாங்க இருந்தார். அதற்குள் தெரிந்தாக வேண்டும். அசல் அம்பர் உப்புத் தண்ணீரில் மிதக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். எங்களுக்கு உப்புத் தண்ணீர் என்றால் கடல்தான். வேறு யோசனையே வரவில்லை. ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மச்சினனோடு உச்சிப்புளியில் பஸ் ஏறினேன். எறும்பு மணியைத் தனியே கழற்றி, துளையில் தூண்டில் நரம்பைக் கட்டி, துறைப் படியில் நின்று இறக்கினேன்.

மூழ்கியது.

“நான் சொல்லல?” என்றான் மச்சினன்.

அங்கேயே துபாய்க்குப் போன் போட்டேன். “மாப்பிள்ளை, வாங்காதீங்க. உங்கள ஏமாத்திட்டாங்க. கடல்ல விட்டேன், முங்கிருச்சு.”

“கடல்லயா? மாமா, கடத்தண்ணி உப்பு பத்தாதே! ஒரு தம்ளர் தண்ணியில நாலு கரண்டி உப்பக் கரைச்சுல்ல போடணும். மொதல்ல அத மேல எடுங்க!”

கையைப் பார்த்தேன். நரம்பு இல்லை. பேச்சு வேகத்தில் எப்போது விட்டேன் என்றே தெரியவில்லை.

துறையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த சங்கு குளிப்பவர் ஒருவர் நாலு முறை முங்கினார். சேறு வந்தது, சிப்பி வந்தது, ஒற்றைச் செருப்பு வந்தது. “என் கையே எனக்குத் தெரியல அய்யா, அம்புட்டுக் கலங்கல்” என்று கரையேறிவிட்டார்.

டீக்கடையில் ஒரு தம்ளர் தண்ணீரும் உப்பும் கேட்டு வாங்கினேன். சட்டைப்பையில் இருந்த மிச்ச மணிகளில் ஒன்றைப் போட்டேன். அடியில் கிடந்தது. இன்னும் உப்பு போட்டுக் கலக்கினேன். மெல்ல எழும்பி மேலே வந்து நின்றது. மச்சினன் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரவு மருமகனே கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன். “நாலு கோடி வருஷம் இருந்துச்சு மாமா. உங்க கையில நாலு நாள் தங்கல.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இப்போது முப்பத்திரண்டு மணி ஓதி, மீதி ஒன்றை விரலில் எண்ணுகிறேன். மாலையின் விலையை எத்தனை கேட்டும் மருமகன் சொல்லவில்லை. அது நீங்கலாக, பஸ், நரம்பு, முங்கியவர் கூலி, இரண்டு டீ எல்லாம் சேர்த்து ரூபாய் 1,330.