ஸ்ட்ரூபே மேஸ்திரியின் காது

பால்தாசர் ஸ்ட்ரூபே மேஸ்திரியிடம் இரண்டு அளவுகோல்கள் இருந்தன. ஒன்று நிஜம், ஒன்று பொய். கிறிஸ்தவக் கோயில்களில் துருத்திக் காற்றால் பாடும் ஆர்கன் வாத்தியத்தில் எந்தக் குழல் எத்தனை நீளம், எத்தனை பருமன், அதன் வாய் எத்தனை உயரம் என்றெல்லாம் கோடு கோடாக வெட்டி வைத்த நிஜக் கோல் அவருடைய அங்கிக்குள் இருக்கும். தூங்கும்போதும் அது விலாவில் குத்திக்கொண்டுதான் இருக்கும். பொய்க் கோல் பட்டறை மேசைமேல், திருடுகிறவன் திருடட்டும் என்று கிடக்கும். இருபத்தாறு வருஷமாக அதை ஒருவரும் தொடவில்லை. அவர் நியாயமாகச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவரோ, ‘ஏன் தொடவில்லை, பொய் என்று தெரிந்துவிட்டதோ?’ என்று அதற்கும் சந்தேகப்பட்டார்.

இந்தப் புத்தி அவருக்குச் சும்மா வரவில்லை. இருபத்திரண்டு வயதில், தனக்கு வேலை கற்றுக் கொடுத்தவர் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், அவருடைய அளவுகளை முழுக்கத் தன் இடுப்புவாரின் உள்பக்கம் கீறிக்கொண்டு வந்தவர் ஸ்ட்ரூபே. அந்த வாரை வைத்துத்தான் ஜெர்மனியின் தூரிங்கியாவில் தொழில் தொடங்கினார், பதினாறு கோயில்களுக்கு ஆர்கன் கட்டினார், பேர் வாங்கினார். தான் செய்ததை உலகமே செய்யும் என்று நினைக்கிற மனிதரை என்ன சொல்லித் திருத்துவது? குழல் செய்யத் தகர வியாபாரி கொண்டுவரும் கட்டி ஒவ்வொன்றையும் காதருகே வைத்து வளைத்துப் பார்ப்பார். நல்ல தகரம் கிரீச்சிடும், ஈயம் கலந்தது பேசாது. செத்துப்போன மனைவியிடம்கூடப் பதினொரு வருஷம் குடித்தனம் நடத்தியும் தன் பசை எப்படிக் காய்ச்சுவது என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

அவரிடம் தங்கியது ஒரே ஆள், லோரென்ஸ். பத்தொன்பது வருஷம். குழல் உருட்டுவது, தோல் ஒட்டுவது, சுருதி சேர்ப்பது எல்லாம் பழகி, தனியாகத் தொழில் நடத்தக்கூடிய நாற்பது வயது மனிதன். அதிகம் பேசமாட்டான். பேசாதவனை ஸ்ட்ரூபேக்குப் பிடிக்கும், ஆனால் நம்பமாட்டார்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கோடையில், ‘இந்த வருஷம் வெட்டுக்கிளிச் சத்தமே இல்லையே’ என்று ஸ்ட்ரூபே நினைத்தார். அடுத்த கோடையிலும் இல்லை. பக்கத்தில் நடந்த பெண்ணொருத்தி, “என்னமா கத்துதுங்க பாருங்க” என்று சொன்னபோதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. கீழ்ச் சத்தம் எல்லாம் கேட்டது. உச்சியில் இருக்கும் சத்தம் மட்டும் போயிருந்தது. ஆர்கனில் சுண்டுவிரல் நீளக் குழல்கள் இருக்கின்றன, அவற்றின் சத்தம்தான் அந்த உச்சி. அது கேட்காதவனை ஆர்கன் கட்டுகிறவன் என்று யார் கூப்பிடுவார்கள்?

ஒருவரிடமும் சொல்லவில்லை. முழங்கால் வலி என்று ஒன்றைக் கண்டுபிடித்தார். பெரிய குழல்களுக்குத் தானே ஆர்கனுக்குள் ஏறுவார். சின்னக் குழல்கள் வந்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்து கட்டையை அமுக்குவார், லோரென்ஸ் உள்ளே போய், குழலின் நுனியைக் கூம்பால் தட்டித் தட்டி விரித்தும் சுருக்கியும் சுருதி சேர்ப்பான். தட்டுவது நின்றதும் ஸ்ட்ரூபே, “ம், போதும்” என்பார். ஏற்பாடு அழகாக நடந்தது. ஆனால் லோரென்ஸ் ஒவ்வொரு முறையும், அவர் ‘போதும்’ என்று சொல்வதற்காகவே கொஞ்சம் பொறுத்திருப்பதாக அவருக்குப் பட்டது. சோதித்துப் பார்க்க ஒருநாள் வேண்டுமென்றே, “கூடிப்போச்சு, இறக்கு” என்றார். உள்ளேயிருந்து, “சரி மேஸ்திரி” என்று பதில் வந்தது. பிறகு ஒரு தட்டு. அது பணிவா, கேலியா என்று அன்று இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை.

இப்படியே லிண்டன்ரோடா என்ற ஊரின் கோயில் ஆர்கன் முடிந்தது. புதன்கிழமை பரீட்சை, ஞாயிற்றுக்கிழமை அர்ப்பணிப்பு. பரீட்சை என்றால் நகரத்திலிருந்து ஆய்வாளர் ஒருவர் வந்து, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் ஒவ்வொரு குழலாக ஊதவிட்டு, தேறியதா இல்லையா என்று சொல்வது. அன்று வந்தவர் கெம்ஃப் என்ற நெட்டை மனிதர். இவர் யாரிடம் கைநீட்டிக் காசு வாங்கியிருப்பார் என்று ஸ்ட்ரூபே அவர் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

துருத்தி மிதிக்கும் மாத்தெஸ் ஏறி நின்று மிதித்தார். கெம்ஃப் இன்னும் கட்டையைத் தொடவேயில்லை. ஆர்கன் தானாக ஊளையிட்டது. அடிக்குரலில் ஒரே சுரம், நிற்காமல். பாதிரியார் பெரியவர்களைப் பார்த்தார், பெரியவர்கள் ஸ்ட்ரூபேயைப் பார்த்தார்கள். ஸ்ட்ரூபே லோரென்ஸைப் பார்த்தார்.

“சனிக்கிழமை இது நல்லா இருந்துச்சு. சாவி யார்கிட்ட இருந்துச்சு?”

“உங்ககிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு, மேஸ்திரி.”

“நான் கை வைக்கல.”

லோரென்ஸ் திரும்பினான். “நான் வச்சேன்னு சொல்றீங்களா?”

“பத்தொம்பது வருஷமா இதுக்குத்தானே காத்திருந்த? நான் விழுந்தா நீ உக்காரலாம்னு. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?”

கோயிலில் இருந்த எல்லார் காதிலும் அது விழுந்தது. கெம்ஃப் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, குழல்களுக்கு அடியிலிருக்கும் காற்றுப்பெட்டியைத் திறந்து உள்ளே கைவிட்டுத் தடவினார். பிறகு மண்டிபோட்டுத் தரைப் பலகையையும் தடவினார்.

“இங்க தண்ணி ஊத்தினது யாரு?”

மாத்தெஸின் மனைவி உர்சுலா பெருமையோடு முன்னால் வந்தாள். “நாங்கதான் ஐயா. எட்டுப் பொம்பளைங்க, ரெண்டு நாளு. தரையில இருந்து இந்த மாடி வரைக்கும் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினோம். நாப்பது வாளிக்கு மேல இருக்கும். நகரத்துல இருந்து பெரியவங்க வர்ற நாள்ல கடவுள் வீட்டைக் குப்பையாவா போட்டு வைக்கிறது?”

கெம்ஃப் சிரித்துவிட்டார். “நல்லாத்தான் கழுவியிருக்கீங்கம்மா. மரம் வயிறு முட்டக் குடிச்சிருக்கு.” ஊறி உப்பி மூடமுடியாமல் சிக்கியிருந்த ஒரு மூடியை உளியால் மயிரளவு சீவினார். ஊளை நின்றது. அதற்கு மேல் பரீட்சையில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. கடைசியாகச் சின்னக் குழல் வரிசைகளில் இரண்டு மூன்றைத் தனித்தனியாக ஊதவிட்டுக் கேட்டுவிட்டுத் திரும்பினார். “உச்சிக்குப் போகப் போகக் கண்ணாடி மாதிரி இருக்கு. இப்படி ஒரு காது நான் பார்த்ததில்ல. சுருதி சேர்த்தது யாரு?”

ஸ்ட்ரூபே குனிந்து முழங்காலைத் தடவினார்.

“மேஸ்திரிதான். நான் கட்டைய அமுக்கினேன், அவ்வளவுதான்” என்றான் லோரென்ஸ்.

ஆர்கன் தேறிவிட்டது. மத்தியானம் முட்டைக்கோசும் பன்றிக்கறியுமாக விருந்து நடந்தது, கெம்ஃப் வண்டியேறிப் போனார். அதுவரை ஸ்ட்ரூபே மன்னிப்புக் கேட்கவில்லை. எதற்குப் பொய் சொன்னான், அதற்குப் பதிலாக என்ன கேட்கப்போகிறான் என்றே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். லோரென்ஸ் வந்து ஒன்றுதான் கேட்டான். வேறு ஊரில் வேலை தேட ஒரு சான்றுத் தாள். எழுதிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, “மூட்டையப் பிரி” என்றார்.

லோரென்ஸ் பிரித்தான். மூன்று சட்டை, ஒரு ஜெபப் புத்தகம், சவரக் கத்தி, கம்பளிக் காலுறை. காலுறைக்குள்ளும் விரலை விட்டுப் பார்த்தார். வாரைக் கழற்றச் சொல்லி உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அதில் ஒரு கீறல்கூட இல்லை. லோரென்ஸ் வாரைக் கட்டிக்கொண்டு, சட்டைகளை மறுபடி மடித்து வைத்து, “வரேன் மேஸ்திரி” என்று சொல்லிவிட்டு நடந்தான். இதை எழுதும்போதும் எனக்கு அந்த மனிதர்மேல் கோபம்தான் வருகிறது.

வியாழன் காலையில் பள்ளிக்கூட வாத்தியார் ஹைன்ட்சே வாசித்துப் பழக வந்தார். ஊரில் ஆர்கன் வாசிப்பவர் அவர்தான். கொஞ்ச நேரத்தில் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து நின்றார். “மேஸ்திரி, இந்தப் பொடிக்குழல் வரிசை ரெண்டும் நேத்தைக்கு நல்லா இருந்துச்சு. இன்னைக்குக் காதைக் கிழிக்குது. கேக்கலையா?”

‘போகும்போது கெடுத்துவிட்டுப் போயிருக்கிறான்’ என்றுதான் முதலில் தோன்றியது. சுத்தியையும் கூம்பையும் எடுத்துக்கொண்டு ஸ்ட்ரூபே உள்ளே ஏறினார், வாத்தியாரைக் கட்டையை அமுக்கச் சொன்னார். அமுக்கினார். துருத்தி மூச்சுவிடுவது கேட்டது, வாத்தியாரின் பெஞ்சு முனகுவது கேட்டது. குழலிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. அதன் வாயில் விரலை வைத்தால் காற்று மட்டும் சில்லென்று பட்டது.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து நகரத்துக் கோயில்காரர்கள் வருகிறார்கள். அடுத்த ஆர்கனுக்கு அவரை அமர்த்துவதா வேண்டாமா என்று இதைக் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள். ஒரு தட்டுத் தட்டலாம். சுருதியை ஏற்றத் தட்டுவதா, இறக்கத் தட்டுவதா? கை தூக்கியபடியே நின்றார்.

“சரியாச்சா மேஸ்திரி?” என்று வாத்தியார் கேட்டார்.

“எனக்குத் தெரியல” என்றார் ஸ்ட்ரூபே. அப்புறம், “எனக்கு இதெல்லாம் கேக்காது வாத்தியாரே. மூணு வருஷமாச்சு. எல்லாம் லோரென்ஸ்தான்” என்றார்.

மாத்தெஸ் துருத்தியிலிருந்து இறங்கிவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. அவனைப் போய்க் கூட்டிவா என்று ஸ்ட்ரூபே சொன்னதும், மாத்தெஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வெள்ளி மத்தியானம் தனியாகத் திரும்பி வந்தார். “ஆத்தங்கரை மில்லுப் பக்கம் சத்திரத்துல பார்த்தேன். வரமாட்டேன்னுட்டான். ஆனா எல்லாத்தையும் நிறுத்தி நிதானமாக் கேட்டான். குழல் மேல தப்பில்லையாம். அதுக்கு அடியில வரிசையைத் தொறக்க இழுக்கிற பலகை, கழுவின தண்ணி மெல்ல ஏறி ஊறிப்போயி முழுசாத் தொறக்கலையாம், அதனால காத்து பத்தலையாம். ஜன்னலைத் தொறந்து போடுங்க, காஞ்சா தானா சரியாயிடும், யாரும் குழல்ல கை வைக்கக் கூடாதுன்னான்.”

“வேற?”

“கண்டிப்பா மேஸ்திரி கை வைக்கக் கூடாதுன்னான். அதை ரெண்டு தடவை சொன்னான்.”

சொன்னது நியாயமாக இருந்தது. ஆனால் வஞ்சம் தீர்க்க நினைக்கிறவனும் நியாயமாகத்தானே சொல்வான்? கை வைக்காதே என்று சொல்லி, கெட்ட குழலை அப்படியே விடவைத்தால் ஞாயிற்றுக்கிழமை ஊர் முன்னால் மானம் போகுமே. ஜன்னல்களைத் திறந்து போட்டார்கள், கிழக்குக் காற்று அடித்தது. வெள்ளி சாயங்காலம் ஒரு தரம், சனிக்கிழமை மூன்று தரம், ஸ்ட்ரூபே சுத்தியோடு உள்ளே ஏறினார். வாத்தியாரிடம் கேட்கலாம். கேட்டால் அவர் உண்மை சொல்வார் என்று என்ன நிச்சயம்? நான்கு தரமும் குழலைத் தொடாமலே இறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. வாத்தியார் எல்லா வரிசைகளையும் திறந்துவிட்டு வாசித்தார். ஸ்ட்ரூபேக்குப் பெரிய குழல்கள் கேட்டன, நடுக் குழல்கள் கேட்டன. மேலே எதுவும் இல்லை. அவர் அதை விட்டுவிட்டு முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் சுளிக்கவில்லை. முடிந்ததும் நகரத்துக்காரர்கள் கையைக் குலுக்கி, உச்சிக் குழல்கள் அற்புதம் என்றார்கள். உர்சுலா கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையே சொன்னாள். ஸ்ட்ரூபே ஒவ்வொருவர் கண்ணாகப் பார்த்து, “நிஜமாவா?” என்று கேட்டார். நிஜம்தான் என்றார்கள். வேறு வழியில்லை, அவர் நம்பினார்.