அஞ்சலையின் அப்பன்

கோதண்டராமனுக்கு அன்று காலையிலிருந்து ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. கொட்டகைக்குப் போவார், திரும்பி வாசலுக்கு வருவார், ரோட்டை எட்டிப் பார்ப்பார், மறுபடி கொட்டகைக்கு ஓடுவார். கிரிவலப் பாதையில் போன இரண்டு பேர், இந்த மனுஷன் எதையோ தொலைத்துவிட்டார் போலிருக்கிறது என்று நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

தொலைக்கவில்லை. தொலைத்துவிடுவோமோ என்கிற பயம்தான். கொட்டகையில் அஞ்சலை அவரைவிட மோசமாக இருந்தாள். தீனியை முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். வாலைத் தூக்கித் தூக்கிப் போட்டாள். ரோட்டில் பைக் போனால்கூடக் காதை விறைத்துக்கொண்டு கனைத்தாள். பெட்டைக் குதிரை பருவத்துக்கு வந்தால் அப்படித்தான். நாலைந்து நாளில் அடங்கிவிடும். இந்தத் தடவை அடங்குவதற்குள் இணை சேர்த்தாக வேண்டும்.

"வயசு ஏறிடுச்சுங்க. இந்த வருஷம் சினை புடிக்கலன்னா குட்டிய மறந்துடுங்க" என்று கால்நடை டாக்டர் தையில் சொன்னதிலிருந்து கோதண்டராமன் நாட்காட்டியைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

அவர் மனைவி தனம் சாணக்கூடையோடு வந்து நின்றாள். "மார்க்கெட்டுல வண்டி ஓட்டற ஜோதியம்மா குதிரையே போதும்னு சொன்னா கேக்கறியா? திடமான குதிரை. அதுக்குப் பொறந்தா மூட்டை இழுக்கும். இழுத்தா சோறு போடும். ஓடி இன்னா பண்ணப்போவுது?"

"மூட்ட இழுக்கறதுக்கு நான் குட்டி வளக்கணுமா? அதுக்குத்தான் உன் தம்பி குட்டி யானை வச்சிருக்கானே."

தனத்தின் தம்பி பாலாஜி அந்தக் குட்டி யானை வண்டியைத்தான் அப்போது ஹாரன் அடித்துக்கொண்டு கொண்டுவந்து நிறுத்தினான். அஞ்சலையைப் பலகை வைத்து ஏற்றினார்கள். கழுத்தை இறுக்கிச் சுற்றிய பாசிமணி மாலை நகர்ந்திருக்கிறதா என்று கோதண்டராமன் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நகரவில்லை.

"இன்னா மாமா, மாப்ள வீட்டுக்குப் பொண்ண நாமளே இட்டுகினு போறோம்? மரியாதையா?" என்றான் பாலாஜி.

"ரோட்டப் பாத்து ஓட்டுடா."

போன இடம் கீழ்பென்னாத்தூருக்கு முன்னால் இருக்கிற சுப்பிரமணியின் தோட்டம். அங்கேதான் சுல்தான் இருந்தான். நிஜமான ரேஸ் குதிரை. சென்னையில் ஓடி, ஓய்வு பெற்று, வேலூர்ப் பக்கம் ஒருவரிடம் இருந்து, ஐந்தாறு வருஷத்துக்கு முன் சுப்பிரமணியிடம் வந்து சேர்ந்தவன். வண்டிப் பந்தயத்தில் பெரிய குதிரைப் பிரிவில் எது ஜெயித்தாலும், "சுல்தான் குட்டியா?" என்று கேட்கிற அளவுக்கு மாவட்டத்தில் பேர். தன் வீட்டுக் குட்டியும் ஒரு நாள் அப்படி ஓட வேண்டும், ஓரத்தில் நிற்கிறவன் அப்படிக் கேட்க வேண்டும். கோதண்டராமனுக்கு வேறு ஆசை இல்லை.

ஆசை வந்த கதை கொஞ்சம் பழசு. அவர் அப்போது தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். தீபத்துக்கு நடக்கிற மாட்டுச் சந்தையில், குதிரைகள் கட்டியிருந்த பக்கம் சும்மா வேடிக்கை பார்க்கப் போனவர் கண்ணில் இந்தச் செம்பழுப்புக் குதிரை பட்டது. அழகு என்றால் அப்படி ஒரு அழகு. ஆனால் வருகிறவர்கள் எல்லாம் கழுத்தடியைத் தடவிப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டிருந்தார்கள். தொண்டைக்கு இடப்பக்கம் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சுழி. மயிர் சுற்றுகிற அந்தச் சுழி அந்த இடத்தில் இருந்தால் வாங்குகிற வீட்டுக்கு ஆகாது என்பது குதிரைக்காரர்களின் கணக்கு. யாரும் தொடாததால்தான் லாரி டிரைவரின் கைக்கு அது எட்டியது. "அப்பன் ரேஸ்ல ஓடினதுங்க" என்று விற்றவன் கயிற்றைக் கையில் கொடுக்கும்போது சொன்னான். சந்தையில் விற்கிறவன் வேறு என்ன சொல்வான்?

சுழியைப் பாசிமணியால் மறைத்தார். அஞ்சலை என்று பேர் வைத்தார். கல்யாண ஊர்வலங்களுக்கு மாப்பிள்ளைக் குதிரையாக அனுப்பினார். ஒரு தடவை வேங்கிக்கால் மண்டபத்தில் பெண் வீட்டுக்காரர் ஒருவர், மாப்பிள்ளையின் பூட்டன்வரை பேர் சொல்லிப் பெருமையடித்து முடித்துவிட்டு, "உன் குதிரை எந்த வம்சம்பா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். கோதண்டராமனுக்குத் தன் தாத்தா பேரே தெரியாது. அவருக்குப் பெண் கேட்டுப் போனபோது தனத்தின் வீட்டில் இதே கேள்வியைக் கேட்டார்கள்; அவர் அம்மா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் குனிந்த தலை ஞாபகத்துக்கு வந்ததோ என்னவோ, வாயில் வந்துவிட்டது: "இது சுல்தான் பொண்ணுங்க." அவருக்குத் தெரிந்த ரேஸ் குதிரைப் பேர் அது ஒன்றுதான்.

அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. மண்டபத்துக்கு மண்டபம் சொன்னார். சொல்லச் சொல்லச் சுல்தான் ஜெயித்த கோப்பைகள் ஜாஸ்தியாயின. பேரையே பிரின்சஸ் என்று மாற்றப் பார்த்தார். "அஞ்சலைன்னா அஞ்சலைதான்" என்று தனம் விடவில்லை.

தோட்டத்து வாசலில் சுப்பிரமணி நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, கையில் போன், குதிரை இறங்குவதற்குள் முகமெல்லாம் சிரிப்பு.

"போன்ல பேரச் சொல்லலையேய்யா நீ! அடி அண்ணாமலையில இருக்கற கோதண்டராமனா? எங்க சொந்தக்காரப் பையன் கல்யாணத்துல பாத்தேனே! இது நம்ம சுல்தான் பொண்ணாச்சே. நீயே மைக்குல சொன்னியே!"

கோதண்டராமன் சிரித்து வைத்தார். பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த வார்த்தைவரைதான்.

"அது சரி, எதுக்குக் கொண்டாந்திருக்க? சுல்தான்கிட்டயேவா?" சுப்பிரமணியின் சிரிப்பு நின்றுவிட்டது. "யோவ், அப்பனுக்கே பொண்ணக் கட்டிவைக்க வந்திருக்கியே, நீ இன்னா ஆளுய்யா?"

பாலாஜிக்குக் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் புரை ஏறியது.

"இல்லைங்க, ரத்தம் ஒண்ணா இருந்தா ஓட்டம் ஜாஸ்தியா வரும்னு..."

"எவன் சொன்னான்? ரேஸ் குதிரைக்கு அப்பன், பாட்டன், முப்பாட்டன்னு இன்னாத்துக்குப் பாக்கறான்? ஓட்டம் வரணும்னும் பாப்பான், ரத்தம் கிட்டக்க வந்துடக் கூடாதுன்னும் பாப்பான். அப்பனும் மகளும் சேர்ந்தா பொறக்கறது கால் வளைஞ்சு நிக்கும். இல்லன்னா மூச்சு வாங்கும். சுல்தான் குட்டி நொண்டின்னு ஒருத்தன் சொன்னா போதும், என் பேரு போச்சு. ஓட்டிகினு போ."

அஞ்சலை கனைத்தாள். உள்ளேயிருந்து சுல்தான் பதில் கனைத்தான். கோதண்டராமன் வண்டிவரை நடந்தார், திரும்பி வந்தார், மறுபடி நடந்தார். அடுத்த வருஷம் இல்லை. டாக்டர் சொன்னது காதிலேயே இருந்தது.

"அது வந்து..." என்றார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வேர்வை இல்லாத இடத்தையும் துடைத்தார். "சும்மா சொன்னதுங்க."

"எது?"

"சுல்தான் பொண்ணுன்னு சொன்னது. சந்தையில வாங்கினது. அப்பன் யாருன்னு யாருக்குத் தெரியும்?"

"மாமா!" பாலாஜிக்குத் தாங்கவில்லை. "என் வண்டியில ஏர்ற ஆளுங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேனே! சுல்தானுக்கு நான் சொந்தம்னு!"

சுப்பிரமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பொய்தானா? அத மொதல்லயே சொல்றதுதானே! பொய்யின்னா தோஷமே இல்ல. கட்டு அவள அந்தக் கம்பத்துல."

இத்தனை வருஷம் கட்டிய கோட்டை ஒரு நிமிஷத்தில் விழுந்தது. ஆனால் குட்டி கிடைத்துவிடும். கோதண்டராமன் அஞ்சலையைக் கட்டிவிட்டு நிமிர்ந்தபோது சுப்பிரமணி சுல்தானை நடத்திக்கொண்டு வந்தார். கிழவன்தான், ஆனாலும் நடையில் மிடுக்கு. கழுத்தில் அகலமான தோல் பட்டை. பெட்டையின் வாசனை பட்டதும் தலையை ஒரு உதறு உதறினான். பட்டை மேலே ஏறிக்கொண்டது.

தொண்டைக்கு இடப்பக்கம், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சுழி.

சுப்பிரமணியின் கை அவசரமாகப் பட்டையைக் கீழே இழுத்தது. வாளியோடு பக்கத்தில் நின்ற பாலாஜி ஒரு கணம் அங்கேயே பார்த்துவிட்டு, காரணம் புரியாமல் வேறு பக்கம் திரும்பினான்.

கோதண்டராமன் பார்த்துவிட்டார். அந்தச் சுழியை எட்டு வருஷமாகத் தேய்த்துக் குளிப்பாட்டியவர் அவர். மேல்சுழி வலமாகச் சுற்றும், கீழ்சுழி இடமாகச் சுற்றும். இதுவும் அப்படியேதான் சுற்றியது. காதின் நுனி உள்பக்கம் வளைந்த விதத்தை இப்போதுதான் பார்த்தார். அதுவும் அவளுடையது. சந்தையில் விற்றவன் பொய் சொல்லவில்லை. தானும் சொல்லவில்லை.

பேசாமல் இருந்துவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஓட்டம் இரண்டு மடங்கு வந்தாலும் வரும். அப்படி நினைக்கும்போதே, கொட்டகையில் முன்னங்கால் வளைந்து எழுந்து நிற்க முடியாமல் கிடக்கிற ஒரு குட்டி கண்ணுக்குள் வந்து நின்றது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" கயிற்றை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார். "இவ சுல்தான் பொண்ணுதாங்க. நிஜமாவே."

சுப்பிரமணி சுல்தானை இழுத்துப் பிடித்தார். "வந்தப்ப மக, அப்புறம் மக இல்ல, இப்ப மறுபடியும் மகளா? நீ இன்னா ஜட்ஜா, நிமிஷத்துக்கு ஒரு தீர்ப்பு சொல்ற?"

"உங்க குதிரை கழுத்துல இருக்கற சுழி..."

"என் குதிரைக்குச் சுழியே கிடையாது." குரல் சட்டென்று கம்மியாகிவிட்டது. கண் மட்டும் கோதண்டராமனை விடவில்லை. "எவனாவது அப்படிச் சொன்னா சும்மா இருக்கமாட்டேன்."

கோதண்டராமனின் விரல் அஞ்சலையின் பாசிமணி முடிச்சுவரை போயிற்று. அவிழ்த்துக் காட்டினால் போதும். ஆனால் பாலாஜி பார்ப்பான். பாலாஜி பார்த்தால் ஊர் பார்த்த மாதிரி. அந்தச் சுழியுள்ள குதிரைமேல் எந்த வீட்டில் மாப்பிள்ளையை ஏற்றுவார்கள்? அவர் பாசிமணியால் மறைத்ததைச் சுப்பிரமணி தோலால் மறைத்திருக்கிறார். கை தானாக இறங்கியது. அஞ்சலையை வண்டிக்கு நடத்தினார். அவள் திரும்பித் திரும்பிக் கனைத்துக்கொண்டே வந்தாள்.

செஞ்சி ரோட்டில் பாலாஜி நெடுநேரம் பொறுத்துப் பார்த்தான். "மாமா, வெயில் எதாவது ஏறிடுச்சா? குடுக்கறேன்னு சொன்ன குதிரைய எவனாச்சும் வேணாம்பானா?"

"வண்டிய மார்க்கெட் பக்கம் வுடு. ஜோதியம்மாகிட்ட."

"மூட்ட இழுக்கற குதிரைக்கா?"

"வுடுடான்னா."

ஜோதியம்மாள் புடவைமேல் ஆண்சட்டை போட்டுக்கொண்டு, கடலை மண்டி வாசலில் வண்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவருடைய குதிரை குட்டையாக, மார்பு அகன்று, தூண் மாதிரிக் காலோடு நின்றது. விஷயத்தைக் கேட்டதும் அவர் அஞ்சலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"சுல்தான் பொண்ணுன்னு கேள்விப்பட்டேன். நெசமாங்க?"

"ஆமாங்க" என்றார் கோதண்டராமன். மைக் வைத்துச் சொன்ன வார்த்தையை இப்போது தரையைப் பார்த்துச் சொன்னார். பின்னால் பாலாஜி 'ஹூம்' என்றான்.

"எங்க குதிரையும் லேசுப்பட்டதில்ல. இவன் அப்பன் இழுத்தான், அவன் அப்பன் இழுத்தான். நொண்டி, படுத்தான்னு ஒரு பேச்சு கெடையாது. அந்த வம்சத்த நான் கண்டதுல கலக்கமாட்டேன்." கையை நீட்டினார். "மணியக் கழட்டுங்க. சுழி பாக்கணும்."

கோதண்டராமன் மண்டியைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். அஞ்சலை குளம்பால் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நாளைக்கு இவள் அடங்கிவிட்டால்? முடிச்சு எட்டு வருஷத்து அழுக்கில் இறுகியிருந்தது. நகத்தால் கிள்ளி, பல்லால் கடித்து அவிழ்த்தார்.

ஜோதியம்மாள் குனிந்தார். விரலை வைத்து மேல்சுழியைத் தடவினார், கீழ்சுழியைத் தடவினார். நிமிரவே இல்லை.

"வூட்டுக்கு ஆகாதும்பாங்களே."

"ஆமாங்க."

"எத்தினி வருசமா வச்சிருக்கீங்க?"

"எட்டு."

"வூடு நின்னுகினு இருக்குதா?"

"நிக்குதுங்க."

"அப்ப அந்தப் புளியமரத்துல கட்டுங்க. இவனுக்குத் தண்ணி காட்டிட்டு வரேன்."

அவர் போனதும் பாலாஜி கிட்டே வந்து அஞ்சலையின் கழுத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். வாய் மெல்லத் திறந்தது.

"மாமா... காலையில அந்த சுல்தான் கழுத்துலயும் இதே மாதிரி..."

"வாய மூடு."

"அப்ப நீ சொன்னதெல்லாம் நெசமா? இத எல்லார்கிட்டயும்..."

"யார்கிட்டயும் சொல்லக் கூடாது! சுழி வெளியில வந்தா அந்தாளுக்கும் போச்சு, நமக்கும் போச்சு." பாசிமணியை அவன் கையில் திணித்தார். "புடி. தரையில வைக்காத."

இத்தனை வருஷம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததற்கு இப்போதுதான் ஒரு சாட்சி கிடைத்திருந்தான். ஊரிலேயே பெரிய வாய்க்காரன். அவனையும் பேச விடாமல், கோதண்டராமன் கயிற்றைப் புளியமரத்தில் கட்டினார். கட்டியதை அவிழ்த்து, இன்னும் இறுக்கிக் கட்டினார். ஜோதியம்மாள் வருகிறாரா என்று எட்டிப் பார்த்தார். வந்துகொண்டிருந்தார். அஞ்சலை காதை விறைத்துக்கொண்டு கனைத்தாள்.