முன்னால் ஒரு 'அ'

தாராவியில் ஆறுமுகத்தாயின் இட்லிப் பாத்திரத்தைத் தெரியாதவர்கள் குறைவு. இருபத்திரண்டு வருடமாகத் தலையில் சுமந்து சந்து சந்தாக விற்கிறாள். கணவன் செத்த பிறகு அவளுக்கு மிஞ்சியது அந்தப் பாத்திரமும் பத்துக்குப் பத்து அறையும்தான்.

பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டப்போவதாகச் சொல்லி, யார் யாருக்குப் புதுவீடு என்று அதிகாரிகள் கணக்கெடுத்தார்கள். ரேஷன் கார்டு, பழைய கரண்ட் பில் எல்லாம் காட்டினாள். மராத்தியில் அச்சடித்த பட்டியல் சுவரில் ஏறியது. பக்கத்து வீட்டு ஷாலினி காலேஜுக்கு ஓடுகிற அவசரத்தில் வாசித்தாள்: "ஆறுமுகத்தாய், அபாத்ர். வாரேன் அத்த."

'அப்பாத்திரம்' என்று விழுந்தது இவள் காதில். நம்ம பாத்திரத்தைக்கூட சர்க்கார் எழுதிவைத்திருக்கிறதே என்று பூரித்துப்போனாள். அன்றைக்குச் சந்துப் பிள்ளைகளுக்கெல்லாம் இட்லி இனாம். பாவி மகள், ஒரு வார்த்தை அர்த்தம் கேட்டிருக்கக் கூடாதா?

இருபது நாள் கழித்து எதிர்வீட்டு நஸீராதான் விஷயத்தை உடைத்தாள்.

"எனக்கும் அபாத்ர்னுதான் போட்டிருந்துச்சுக்கா. ஏஜெண்டு கையில ஐம்பதாயிரம் குடுத்தோம். அந்த 'அ' போயிருச்சு."

"எந்த 'அ'?"

"பாத்ர்னா வீடு உண்டு. அபாத்ர்னா கிடையாது. தெரியாதாக்கா?"

ஆட்சேபம் சொல்லப் பதினைந்து நாள்தான் கெடு. அது முடிந்து ஐந்து நாளாகியிருந்தது. பாத்திரமறிந்து பிச்சையிடு என்பார்கள். இங்கே லஞ்சமறிந்து வீடு கொடுக்கிறான்கள், கட்டையில் போவான்கள்.

திங்கட்கிழமை லஞ்சத்தையும் விலைவாசியையும் எதிர்த்து மோர்ச்சா ஊர்வலம் கிளம்பியது. உளுந்து விற்கிற விலையில் இட்லியைச் சிறுசாக்கிவிட்டு, வாங்குகிறவர் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டிருந்தவள் அவள். பாத்திரத்தோடு முன்வரிசையில் போய் நின்றாள். கரண்டியால் அதன் மூடியில் அடித்த அடியில் கோஷம் போட்டவர்கள் குரலே கேட்கவில்லை. வீட்டுக் கணக்கெடுத்த அலுவலக வாசலில் தள்ளுமுள்ளு ஆனதும் போலீஸ்காரர் ஒருவர் பாத்திரத்தைப் பிடுங்கி வண்டியில் எறிந்தார். வீடு இல்லை என்று தெரிந்த அன்றைக்கும் அழாதவள், நடுரோட்டில் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் ஷாலினியை அழைத்துக்கொண்டு, பாத்திரத்தைத் திருப்பிக் கேட்க ஸ்டேஷனுக்குப் போனாள். ஏட்டு ரிஜிஸ்டரில் ஏதோ எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார். ஆறுமுகத்தாய் பேனாவைத் தொடவில்லை.

"ஏட்டி, என்ன எழுதியிருக்கான்? அர்த்தத்தோட சொல்லு."

ஷாலினி வரியில் விரல் வைத்து வாசித்தாள். "இட்லிபாத்ர், ஒண்ணு. மராத்தியில பாத்திரத்துக்கும் வீட்டுப் பட்டியல்ல போடுற அதே 'பாத்ர்'தான் அத்த."

"முன்னால 'அ' இருக்கா?"

"இல்ல."

ஆறுமுகத்தாய் கையெழுத்துப் போட்டாள். ஒரு பக்கம் நசுங்கியிருந்த பாத்திரத்தைத் தூக்கித் தலையில் வைத்தாள்.

"அப்ப வீட்ட இதுக்கே குடுக்கச் சொல்லுட்டி. நான் இதுக்குள்ள இருந்துக்கிடுதேன்."